நான்காவது ரிலே இழுத்தபோது

சென்ற மாதம், இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு ஒரு நுண்கட்டுப்படுத்தி அட்டையையும் நான்கு ரிலே கொண்ட ஒரு தொகுதியையும் எடுத்து வந்தார். மேசையில் வைத்தால் ஒழுங்காக ஓடுகிறது, தொழிற்சாலையில் பொருத்தினால் சில வேளைகளில் தானாகவே நின்று முதலிலிருந்து தொடங்குகிறது, நிரலில் பிழை இருக்குமோ என்று கேட்டார். இரண்டுக்கும் மின்சாரம் எங்கிருந்து போகிறது என்று நான் கேட்டேன். "ஒரே சப்ளைதான் சேர். ரெண்டுக்கும் அஞ்சு வோல்ட்தானே" என்றார். பதில் சொல்லி அனுப்பினேன். அவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. ஆனால் அதே கேள்விக்கு நாங்கள் முதல்முறை பதில் தேடியபோது ஒரு மனிதரின் வேலையும் அவர் குடும்பம் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவும் அதை நம்பி இருந்தன. அதை அவரிடம் சொல்லவில்லை. உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் பதுளைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் நான் மின் வேலைக்குச் சேர்ந்தபோது, பழுது என்பது கண்ணுக்குத் தெரியும் பொருள். மோட்டார் எரிந்தால் நாறும். பியூஸ் போனால் கம்பி அறுந்து கிடக்கும். கெட்டுப்போனது கெட்டுப்போனபடியே நம் வருகைக்காகக் காத்திருக்கும். எண்பதுகளின் பிற்பகுதியில் முதல் கட்டுப்பாட்டு அட்டை எங்கள் தொழிற்சாலைக்கு வந்தபோதுதான் வேறு வகைப் பழுதை நான் சந்தித்தேன். செய்வதைச் செய்துவிட்டு, நாம் ஓடிப்போய்ப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாததுபோல் ஓடிக்கொண்டிருக்கும் பழுது. அப்படிப்பட்ட பழுதுக்குப் பக்கத்தில் நிற்கும் மனிதன்தான் முதலில் மாட்டுவான்.

தேயிலைத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரில் ட்ரையரைப் பார்த்துக்கொண்டவர் செல்லமுத்து. என்னைவிடச் சில வயது மூத்தவர். ட்ரையரின் வேலை எளிது. விறகு அடுப்பின் சூட்டுக் காற்று ஒரு பக்கமிருந்து வரும். புளித்த கொழுந்து மேல் தட்டுகளில் ஏறி, மெதுவாக நகர்ந்து, காய்ந்த தேயிலையாகக் கீழே விழும். தட்டுகள் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் உள்ளே இருப்பது கருகும். செல்லமுத்து வாசனையைக் கொண்டே அடுப்பின் காற்றுக் கதவைத் திறப்பார், மூடுவார். அவர் முறையில் தேயிலை கருகியதாக யாரும் பேசிக் கேட்டதில்லை.

கொழும்பிலிருந்து ஓர் இளம் பொறியியலாளர் வந்து அந்த ட்ரையருக்கு ஒரு பெட்டியைப் பொருத்தினார். உள்ளே ஓர் அட்டை, அது சொன்னபடி மோட்டார்களுக்கு மின்சாரத்தை விடும் நான்கு ரிலே. முதல் ரிலே அடுப்புக்குக் காற்று ஊதும் ஊதியை ஓட்டும். இரண்டாவது பெரிய விசிறியை. மூன்றாவது தட்டுகளை. இந்த மூன்றும் எப்போதும் இழுத்தபடி, அதாவது மின்சாரத்தை விட்டபடி, இருக்கும். சூடு எல்லை மீறினால் மட்டும் நான்காவது இழுத்து மணி அடிக்கும். மணி கேட்டதும் ஆள் போய்க் காற்றுக் கதவை மூட வேண்டும். பெட்டியின் முகத்தில் ஒரே ஒரு பொத்தான். அதை அமுக்கினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதாவது, தட்டுகளை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சூடேற்றும். அந்த நேரத்தில் மணியும் அடிக்காது. பிறகு தட்டுகளை ஓடவிடும். வெறும் ட்ரையரைக் காலையில் தொடங்குவதற்கு ஏற்ற ஒழுங்கு அது. கொழுந்து உள்ளே இருக்கும்போது அந்தப் பொத்தானை அமுக்கக்கூடாது என்று எல்லோருக்கும் சொல்லப்பட்டது.

பொருத்திய அன்று பொறியியலாளர் பெட்டியைத் திறந்து எங்களுக்குக் காட்டினார். "இந்தப் பக்கம் பெரிய கரண்ட், கிட்ட வராதீங்க. இந்தப் பக்கம் அஞ்சு வோல்ட். கை வெச்சாலும் ஒண்ணும் செய்யாது" என்றார்.

"ஒண்ணுமே செய்யாதுங்களா?" என்று கேட்டார் செல்லமுத்து.

"ஒண்ணுமே செய்யாது."

அந்தச் சொல்லை அவர் அப்படியே மனதில் வைத்துக்கொண்டார்.

அந்த ஸ்டோரில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மேலே ஒரு சாமி படமும் ஒரு சின்ன பல்பும் உண்டு. சரஸ்வதி பூசையன்று எல்லா இயந்திரங்களையும் துடைத்து, சந்தனம் வைத்து, பல்பை எரியவிட்டுக் கும்பிடுவோம். விளக்கு இல்லாத இயந்திரத்துக்குப் பூசை இல்லை. புதிய பெட்டிக்கு விளக்கு இல்லாமல் இருந்தது செல்லமுத்துவுக்குக் குறையாகப்பட்டது. ஒரு டோர்ச் பல்பு வாங்கி, முருகன் படத்துக்கு மேல் வைத்து, பெட்டிக்குள் "ஒண்ணுமே செய்யாது" என்று சொல்லப்பட்ட பக்கத்தில் இரண்டு திருகாணிகளில் கம்பியை முறுக்கிவிட்டார். பல்பு அழகாக எரிந்தது. நான் உட்பட எல்லோரும் கும்பிட்டோம். கம்பி எங்கே போகிறது என்று யாரும் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தால் போதும் என்ற நினைப்பு எல்லோருக்கும்.

பூசை முடிந்து சில வாரங்களில் ஒரு நாள் கொஞ்சம் தேயிலை கருகியது. அதைப் பெரிதாக யாரும் எடுக்கவில்லை. அடுத்து ஒரு முற்பகலில் தட்டு நிறையக் கருகியது. புகை கொழுந்து வாட்டும் மாடி வரைக்கும் போனது. சல்லடை அறையிலிருந்து பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"செல்லமுத்தண்ணே, கோப்பி வறுக்கிறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். இன்னொருத்தி, "பொத்தான அமுக்குனா பீடி வரும்னு யாரோ சொல்லியிருப்பாங்க அவருக்கு" என்றாள்.

செல்லமுத்து சிரிக்கவில்லை. டீமேக்கர் வந்தார். தொழிற்சாலையின் பொறுப்பு முழுவதும் அவருடையது. நேர்மையானவர், ஆனால் வாய் கூர்மையானவர்.

"பொத்தான அமுக்குனியா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப தட்டு எப்படி நின்னுச்சு?"

"தெரியலைங்க. மணி ஒரே ஒரு தடவ ணங்குனு அடிச்சிச்சு. திரும்பிப் பாத்தா சத்தம் இல்ல. கதவ மூடிட்டு வந்து பாத்தா தட்டு நிக்குது."

"ஒரு தடவ அடிச்சிட்டு ஓய்ஞ்சு போக அது என்ன கோயில் மணியாய்யா? சூடு ஏறுனா நிக்காம அடிக்கும். அப்படித்தான் அதைச் செஞ்சிருக்கு."

கொழும்புக்குத் தொலைபேசியில் கேட்டார்கள். பொறியியலாளர் சொன்ன பதில் தெளிவானது. பெட்டி முதலிலிருந்து தொடங்க இரண்டே காரணங்கள் இருக்க முடியும். ஒன்று, மின்சாரம் போய் வந்திருக்க வேண்டும். அல்லது யாரோ பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும். அன்று ஸ்டோரில் விளக்கு எதுவும் அணையவில்லை. மீதி இருந்தது பொத்தான். பொத்தானுக்குப் பக்கத்தில் இருந்தவர் செல்லமுத்து மட்டுமே.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பொறியியலாளர் பொய் சொல்லவில்லை. டீமேக்கர் பகையினால் பேசவில்லை. இருவரும் தமக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகவே கணக்குப் போட்டார்கள். ஆனால் "மின்சாரம் போனது" என்றால் விளக்கு அணைவது என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம். அட்டைக்கு மின்சாரம் நிற்பதும் ஸ்டோருக்கு மின்சாரம் நிற்பதும் வேறு வேறு. அட்டை இருப்பது பெட்டிக்குள், தன் சின்ன மின்வழங்கியின் தயவில். அதற்கு ஒரு கண நேரம் வோல்ட் தாழ்ந்தால் போதும். அதற்கு மட்டும் இரவு வந்துவிடும்.

தோட்டத்தை நடத்தும் துரை செல்லமுத்துவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார். பொறியியலாளர் நேரில் வந்து பெட்டியைச் சோதிக்கட்டும், பெட்டி சரியாக இருந்தால் ஆளின் பேரை வெட்டிவிடலாம் என்று முடிவு. தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. தோட்டம் கொடுத்த வரிசை வீடான லயத்துக் காம்பராவும் போகும். செல்லமுத்துவின் மனைவி நெஞ்சு நோய் வந்து மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவதை எப்போதோ நிறுத்திவிட்டார். காம்பரா செல்லமுத்து ஒருவர் பேரில்தான் இருந்தது. இரண்டு பெண் பிள்ளைகள்.

பொறியியலாளர் வந்ததும் நானும் அவரும் பெட்டியைத் திறந்தோம். திறந்தவுடனேயே பல்பின் கம்பி கண்ணில் பட்டது.

"இது யாரு குடுத்தது?" என்றார் அவர். குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் தெரிந்தது.

சோதனை செய்து பார்த்தோம். சூட்டை உணரும் குழாயை ட்ரையரிலிருந்து கழற்றி, பிளேன்டீக்குக் கொதிக்க வைத்திருந்த கேத்தல் தண்ணீரில் அமிழ்த்தினோம். பெட்டிக்குச் சூடு எல்லை மீறியதுபோல் தோன்றும். நான்காவது ரிலே இழுத்தது. மணி ணங் என்று ஒருமுறை ஒலித்தது. அத்தோடு எல்லா ரிலேக்களும் விழுந்தன. பெட்டி முதலிலிருந்து தொடங்கியது. செல்லமுத்து சொன்ன அதே ஒற்றை மணி. பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி செய்தோம். மணி தொடர்ந்து அடித்தது.

பக்கத்தில் நின்ற டீமேக்கர் தலையை ஆட்டினார். "பொத்தான அமுக்கல. சரி. ஆனா பெட்டிக்குள்ள கை வெச்சான். அது அதைவிட மோசம் இல்லியா?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது, சோதனையும் ஆகிவிட்டது, கருவியும் குற்றமற்றது என்று வந்துவிட்டது. பொறியியலாளர் அன்று மாலையே திரும்பிப் போகத் தயாரானார். எனக்கு மட்டும் சிறு உறுத்தல். ஒரு டோர்ச் பல்பு எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? ரிலேக்களோடு ஒப்பிட்டால் பெரிய தொகை அல்ல. அவ்வளவு சிறிய சுமையைக் கூட்டியதும் சாய்கிற ஒன்று, அதைக் குறைத்ததும் நேராக நிற்கிறது என்று எப்படி நம்புவது? ஆனால் உறுத்தலை வைத்து ஒரு மனிதரைக் காப்பாற்ற முடியாது. மறுநாள் காலை துரை ஸ்டோருக்கு வந்து விசாரிப்பதாகச் சொல்லியிருந்தார். அதுவரை இருந்து போகும்படி பொறியியலாளரைக் கேட்டுக்கொண்டேன்.

அன்று பிற்பகல் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனேன். கடைவீதியில் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம், நாங்கள் நானா என்று அழைப்பவரிடம், இப்படிப்பட்ட விடயங்களைப் பேசுவது என் வழக்கம். ஏதாவது ஒரு வானொலியின் வயிற்றைத் திறந்து வைத்தபடியே பேசுவார். பெட்டியின் மின் வரைபடத்தை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். ஒருமுறைதான் பார்த்தார்.

"மூளையையும் ரிலேயையும் ஒரே சப்ளையிலயா கட்டியிருக்காங்க?"

"ஆமா நானா."

"மாட்டுக்கும் கன்னுக்கும் ஒரே வாளியில தண்ணி வெச்ச மாதிரி. மாடு தலைய விட்டா கன்னுக்கு என்ன மிஞ்சும்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "பல்ப கழட்டிட்டீங்க, மணி அடிச்சுது. சரி. கழட்டின பொறகு வாளியில எவ்வளவு மிச்சம் இருந்துச்சுனு அளந்தீங்களா?" என்றார்.

அளக்கவில்லை. சரியாக ஓடுகிறது என்று கண்டதும் மீட்டரை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டோம். ஓடாதபோது அளப்போம், ஓடும்போது அளப்பதில்லை. நம் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம் இது. ஓடுகிற பொருள் எவ்வளவு விளிம்பில் நின்று ஓடுகிறது என்று பார்ப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. நானாவிடம் ஒரு சிறு டிரான்ஸ்போமரைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

காலையில் துரை வருவதற்கு முன் பொறியியலாளரும் நானும் அளந்தோம். பல்பு இல்லாமல், நான்கு ரிலேயும் இழுத்திருக்க, அட்டைக்குப் போகும் வோல்ட் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் விழும் அளவுக்குத் தாழவில்லை. அவர் முகம் மாறியது. "நான் மேசையில ஒவ்வொரு ரிலேயா இழுத்துப் பாத்தேன். நாலையும் ஒண்ணா இழுத்துப் பாக்கல" என்றார். அதை அவர் மறைக்காமல் சொன்னதற்காக இன்றுவரை அவர்மீது எனக்கு மதிப்பு. ஆனாலும் அளவு தாழ்ந்தது என்பதும் பெட்டி விழுந்தது என்பதும் ஒன்றல்ல.

துரை வந்தார். செல்லமுத்துவை வரச் சொல்லியிருந்தார்கள். அவர் வெள்ளைச் சட்டை போட்டு, அடுப்பிலிருந்து எட்டத் தள்ளி, சுவரோரமாக நின்றார். அவர் தினமும் நிற்கும் இடத்தில் நிற்கவில்லை.

துரை நேராக என்னைப் பார்த்துக் கேட்டார். "பல்பா, இல்லையா? ஒரு சொல்லு சொல்லுங்க."

இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். ஒரே சொல்லில் பதில் கேட்கும் மேலதிகாரியை நீங்களும் சந்திப்பீர்கள். "பல்புதான்" என்றால் அது பொய் அல்ல. "பல்பு இல்லை" என்றால் அது உண்மையும் அல்ல. இரண்டில் எதைச் சொன்னாலும் ஒரு மனிதரின் காம்பரா அந்தச் சொல்லில் இருந்தது. முதல் சொல் அவரை வெளியே அனுப்பும். இரண்டாவது சொல் அவரைக் காப்பாற்றும், ஆனால் நாளை யாராவது பல்பை வைத்துச் சோதித்தால் என்னைப் பொய்யனாக்கி, அவரையும் மறுபடி வெளியே அனுப்பும்.

"சேர், பல்பு இல்லாமலும் இது நடக்கும்னு நெனக்கிறேன். உங்க முன்னால செஞ்சு காட்டுறேன்" என்றேன்.

குழாயைக் கேத்தலில் இறக்கினோம். நான்காவது ரிலே இழுத்தது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை. அந்த மணியின் ஓசை அவ்வளவு நீளமானது என்று அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

டீமேக்கர் மெல்ல, "பாத்தீங்களா" என்றார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொறியியலாளர் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்தார். அப்போதுதான் கவனித்தேன், இத்தனை நாளும் நாங்கள் எல்லோரும் செல்லமுத்துவிடம் ஒரே மாதிரிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். பொத்தானை அமுக்கினாயா? பெட்டிக்குள் கை வைத்தாயா? அவர் கண்டதை யாரும் கேட்கவில்லை.

"செல்லமுத்தண்ணே, மணி ஒரு தடவ அடிச்சப்ப வேற என்ன நடந்துச்சு? சுத்தியும் என்ன ஓடிச்சு?"

அவர் துரையைப் பார்த்தார், பிறகு என்னை. "கீழ ரோலர் கெளம்புச்சு தம்பி. அந்தச் சத்தத்துல மணி அமுங்கிப் போச்சோனுதான் மொதல்ல நெனச்சேன்."

"முதல் தடவ கருகினப்போ?"

"அப்பவும் ரோலர் கெளம்புன நேரந்தான்."

கொழுந்தை உருட்டும் ரோலர்கள் பெரிய மோட்டார்களில் ஓடுபவை. அவை கிளம்பும் கணத்தில் ஸ்டோரின் விளக்குகள் எல்லாம் ஒருமுறை மங்கித் திரும்பும். அதைக் கண்டு பழகிவிட்டதால் யாரும் கவனிப்பதில்லை. விளக்கு மங்கலாம். விளக்குக்கு அதனால் நட்டமில்லை. ஆனால் விளிம்பில் நிற்கும் அட்டைக்கு?

"சேர், ரோலர ஒரு தடவ கெளப்பிப் பாக்கணும்" என்றேன்.

டீமேக்கர் முகத்தைச் சுளித்தார். "கொழுந்து இன்னும் வாடல. வெறும் ரோலரையா ஓட்டுறது? கரண்டுக்காரர் கேக்குற கேள்வியப் பாருங்க."

துரை அவர் பக்கம் திரும்பினார். "ஒரு தடவ."

டீமேக்கர் கீழே இறங்கிப் போய்த் தாமே விசையருகில் நின்றார். செல்லமுத்துவைக் குற்றம் சாட்டியவர் அவர்தான். விசையை ஒன்றன்பின் ஒன்றாக, மெதுவாகப் போட்டிருந்தால் விளக்கு அவ்வளவு மங்காது. அவருக்கு அது தெரியும். வழக்கமான நாட்களில் அவசரத்தில் எப்படிப் போடுவார்களோ அப்படியே, மூன்று ரோலர்களையும் ஒரே மூச்சில் கிளப்பினார்.

மேலே மணி அடித்துக்கொண்டிருந்தது. விளக்குகள் மங்கின. மணி நின்றது. நான்கு ரிலேக்களும் சேர்ந்து விழும் ஓசை கேட்டது. தட்டுகள் நின்றன. பிறகு ஊதி மட்டும் தனியாகக் கிளம்பியது. பெட்டி காலையில் வேலையைத் தொடங்குவதுபோல், ஒன்றும் நடக்காததுபோல், சூடேற்ற ஆரம்பித்தது. பொத்தானுக்கு அருகில் யாரும் இல்லை. பல்பு என் சட்டைப் பையில் இருந்தது.

துரை பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். "அப்ப பல்பு இல்லாட்டியும் தேயில கருகும்."

"கருகும் சேர். பல்பு இருந்தா சீக்கிரம் கருகும். இல்லாட்டி ரோலர் கெளம்புற வரைக்கும் காத்திருக்கும்."

"பொத்தான யாரும் அமுக்கல."

"இல்ல சேர்."

அவர் டீமேக்கரிடம், "நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செல்லமுத்து பத்தடி தள்ளித்தான் நின்றார். அவரிடமே சொல்லியிருக்கலாம்.

எஞ்சிய வேலை உங்களுக்குத் தெரிந்ததே. அன்று பிற்பகலில் பொறியியலாளரும் நானும் சேர்ந்து ரிலேக்களுக்கு நானாவின் டிரான்ஸ்போமரிலிருந்து தனி வழங்கல் கொடுத்தோம். அட்டைக்கு அதன் பழைய வழங்கல் அதற்கு மட்டுமே என்று ஆனது. அட்டை இடும் கட்டளை ரிலேக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இரண்டின் எதிர்முனைகளையும் ஓரிடத்தில் சேர்த்தோம். பிறகு பல்பையும் வைத்து, நான்கையும் இழுக்க வைத்து, ரோலர்களையும் கிளப்பி, மீட்டரைப் பார்த்தோம். அட்டையின் வோல்ட் அசையவில்லை. முருகன் படத்துப் பல்புக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து வேறு கம்பி இழுத்துக் கொடுத்தேன். அதைக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நீங்கள் ஒரு பெட்டியை ஒப்படைக்கும்போது, அது ஓய்ந்திருக்கும்போது எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்காதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும் மிக மோசமான கணத்தில், ஊர் மின்சாரமும் தாழ்ந்திருக்கும்போது, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். அபாய மணி அடிக்கும் கணமே பெரும்பாலும் அந்தக் கணம். எங்கள் பெட்டியில் எச்சரிக்கை கொடுப்பதற்கென்று வைத்த ரிலேதான் எச்சரிக்கையின் வாயை அடைத்தது. அதைவிட முக்கியமாக, "இந்தக் கருவி தானாக இப்படிச் செய்யாது" என்று சொல்ல வாய் திறக்கும் முன் யோசியுங்கள். அந்த வாக்கியத்தின் மறுபாதியை நீங்கள் சொல்லமாட்டீர்கள். ஆனால் கேட்பவர்கள் அதைத் தாமே முடித்துக்கொள்வார்கள்: அப்படியானால் செய்தது இந்த ஆள்.

செல்லமுத்து மறுநாள் வேலைக்கு வந்தார். பேர் வெட்டப்படவில்லை. காம்பரா அவருடையதாகவே இருந்தது. சல்லடை அறைப் பெண்கள் அவருக்கு வெற்றிலை கொடுத்து, "கோப்பி போதும்ணே, இனி டீயே போடுங்க" என்று சிரிக்க வைத்தார்கள். எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது என்றே நான் நினைத்தேன்.

அந்த மாத முடிவில் அவர் டீமேக்கரிடம் போய், தன்னை மலை வேலைக்கு மாற்றும்படி கேட்டார் என்று கேள்விப்பட்டேன். ஸ்டோர் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"என்னண்ணே, மலைக்குப் போறீங்களாமே? பெட்டி இப்ப சரியா இருக்கு. மணியும் ஒழுங்கா அடிக்குது. நேத்துக்கூட அடிச்சிச்சே."

"அடிச்சிச்சு தம்பி. நல்லாத்தான் அடிக்குது." அவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நேத்து மணி அடிச்சப்ப டீமேக்கர் ஐயா வந்தாரு, சல்லடப் புள்ளைங்க எட்டிப் பாத்துச்சுங்க, நீங்களும் ஓடியாந்தீங்க. யாரும் அடுப்பப் பாக்கல. எல்லாரும் மொதல்ல என் கையத்தான் பாத்தீங்க."

நான் இல்லையென்று சொல்ல வாயெடுத்தேன். முந்திய நாளை நினைத்துப் பார்த்தேன். நானும் அவர் கையைத்தான் பார்த்திருந்தேன்.

"ஒங்க மேல கோவம் இல்ல தம்பி. ஒங்களாலதான் காம்பரா நின்னுச்சு. பாக்குறது தப்புமில்ல, பழகிப் போச்சு. ஆனா கைய எங்க வெக்கிறதுனு யோசிச்சுக்கிட்டே நிக்கிறவன் எப்படி வாசம் புடிப்பான்? சூடு ஏறுறது எனக்கே இப்ப தெரிய மாட்டேங்குது."

அடுத்த திங்கட்கிழமைப் பெரட்டில் ஆட்களைப் பிரிக்கும்போது, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் கூட்டத்தோடு அவர் பேரைக் கூப்பிட்டார்கள். கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, முன்னால் போன ஆட்களோடு ஏதோ பேசிச் சிரித்தபடி, அவர் மலைப்பாதையில் ஏறிப் போனார். இரண்டு கையும் வீசி நடந்தார்.